படம் மங்கலா? லென்ஸைக் கடைசியில் பிடியுங்கள்

ரோல் கழுவி வந்திருக்கிறது. ஸ்கேனைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தால் முகம் லேசாக மங்கல். மனசு உடனே லென்ஸ் மேல்தான் போகும். "பழைய லென்ஸ், அதான்" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். நானும் அப்படி வந்துதான் ஒரு 50 மி.மீ. லென்ஸை விற்றேன். அதைவிட நல்ல பெயர் உள்ள ஒன்றை வாங்கி மாட்டினேன். அதிலும் அதே மங்கல். பாடி அதே பாடி, கண் அதே கண், கை அதே கை. லென்ஸ் மட்டும்தான் மாறியிருந்தது. உண்மையான காரணம் தெரிய இன்னும் மூன்று ரோல் ஆனது. அதைக் கீழே உரிய இடத்தில் சொல்கிறேன்.

மங்கலில் பல வகை உண்டு, ஒவ்வொன்றும் தன் தடத்தை நெகட்டிவில் விட்டுப் போகும். அந்தத் தடத்தைப் படிக்க ஒரு லூப் (கண்ணோடு வைத்துப் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி) போதும். எட்டு மடங்கோ பத்து மடங்கோ காட்டினால் சரி. லூப் இல்லையென்றால் கழற்றிய 50 மி.மீ. லென்ஸைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள், ஐந்து மடங்கு காட்டும். ஃபோன் திரையை வெள்ளையாக்கி அதை விளக்குப் பலகையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் நெகட்டிவைத் திரையோடு ஒட்டி வைக்காதீர்கள், திரையின் புள்ளிகளும் சேர்ந்து தெரிந்து குழப்பும். இடையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டைக் கொடுத்து இரண்டு விரல் உயர்த்திப் பிடித்தால் சரியாகிவிடும்.

எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்னும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது.

முதலில் கிரெய்னைக் கேளுங்கள்

லென்ஸ் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கிரெய்னை ஒன்றும் செய்ய முடியாது. கிரெய்ன் என்பது பெரிதாக்கினால் தெரியும் பொடித் துகள்கள், அது ஃபிலிமிலேயே இருப்பது. ஓவியம் கோணலாக இருந்தாலும் துணியின் நெசவு நெசவாகத்தானே இருக்கும், அந்த மாதிரி. ஸ்கேனை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கிரெய்ன் நறுக்கென்று தெரிந்து படம் மட்டும் மங்கலாக இருந்தால், தவறு படம் எடுத்த நொடியில் நடந்தது. கிரெய்னும் சேர்ந்து மெழுகு தடவியது போல் வழவழவென்று இருந்தால், தவறு அதற்குப் பிறகு ஸ்கேனரிலோ பிரிண்ட் போட்ட மேசையிலோ நடந்தது. கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஐ.எஸ்.ஓ. 100 போன்ற ஒளியுணர்வு குறைந்த ஃபிலிமில் கிரெய்ன் சட்டென்று அகப்படாது. அப்போது தூசியைப் பாருங்கள். நெகட்டிவ் மேல் உட்கார்ந்த தூசியும் மயிரிழையும் ஸ்கேனில் கூர்மையாக விழுந்திருந்தால் ஸ்கேனரின் ஃபோகஸ் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தூசியை அழிக்கும் வசதியை மட்டும் அணைத்துவிட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் சாட்சியையே அழித்துவிடும்.

அறிகுறி: கிரெய்னே மங்கல்

வீட்டுத் தட்டை ஸ்கேனர் என்றால், பெட்டியில் 6400 என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது சென்சார் எடுக்கும் புள்ளிக் கணக்குதான். 35 மி.மீ. ஃபிலிமில் உண்மையாகக் கிடைக்கும் விவரம் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. அதற்கு மேல் ஃபிலிம் வளைந்திருந்தால் அதுவும் போச்சு. பல தட்டை ஸ்கேனர்களில் ஃபோகஸ் ஒரே உயரத்தில் நிலையாக இருக்கும். ஃபிலிம் ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலே விவரம் கரைந்துவிடும். நெகட்டிவ் துண்டுகளை உறையில் போட்டுக் கனமான புத்தகத்துக்கு அடியில் இரண்டு நாள் வையுங்கள். பிறகு பிடிப்பானின் உயரத்தைக் காகிதத் துண்டுகளால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி ஒரே ஃபிரேமை நாலைந்து தடவை ஸ்கேன் செய்யுங்கள். எந்த உயரத்தில் தூசி கூர்மையாகிறதோ அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

லேபில் வாங்கிய ஸ்கேன் என்றால் படத்தின் அகலத்தை எண்ணிப் பாருங்கள். மலிவான சாதாரண ஸ்கேன் பெரும்பாலும் 1800 × 1200 புள்ளிகளை ஒட்டி வரும். ஃபிரேமின் அகலம் 36 மி.மீ., ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 50 புள்ளி. ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஒரு ஜோடி என்று வைத்தால் அதிகபட்சம் 25 ஜோடி. எஃப் 8-ல் வைத்த (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிதாகும்) எந்தச் சாதாரண 50 மி.மீ. லென்ஸும் படத்தின் நடுவில் இதைப் போல் இரண்டு மடங்கைச் சாவகாசமாகக் கொடுக்கும். அந்த ஸ்கேனை வைத்து லென்ஸுக்கு மார்க் போடுவது, தூரத்தில் நின்றுகொண்டு ஒருவர் கையெழுத்தைக் குறை சொல்வது போலத்தான். இன்னொன்றும் உண்டு. சில லேபுகள் தாமாகவே கூர்மையைக் கூட்டி அனுப்பும். விளிம்புகளில் வெள்ளைக் கோடு ஒட்டியிருந்தால் அது லென்ஸின் சாமர்த்தியம் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

டிஜிட்டல் கேமராவால் நெகட்டிவைப் படம் பிடிப்பவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் மங்குவதுதான் வழக்கமான தொல்லை. கேமரா சாய்ந்திருக்கும். நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியைப் படுக்க வைத்து மேலிருந்து பாருங்கள். லென்ஸின் பிம்பம் ஃபிரேமின் சரியான நடுவில் தெரிய வேண்டும். விலகித் தெரிந்தால் அந்த அளவு சாய்வு இருக்கிறது.

என்லார்ஜரில் (நெகட்டிவைத் தாள் மேல் பெரிதாக விழவைக்கும் கருவி) பிரிண்ட் போடுபவர்கள், விளக்குச் சூட்டில் நெகட்டிவ் நடுவில் புடைத்துக்கொள்வதைக் கவனிக்க வேண்டும். ஃபோகஸ் பார்த்த பிறகு புடைத்தால் பார்த்தது வீண். விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, அப்புறம் கிரெய்ன் ஃபோகஸரை (தாளில் விழும் கிரெய்னைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: விளக்குப் புள்ளிகள் கோடாகியிருக்கின்றன

இது கை ஆட்டம். நான் பார்த்த வரைக்கும் அன்றாட ஃபிலிம் படங்களைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி இதுதான், ஆனால் இதன் பெயரை யாரும் சொல்வதில்லை.

தடம் எளிது. கண்ணில் விழும் ஒளிப்புள்ளி, தெருவிளக்கு, ஈரத்தில் மின்னும் துளி என்று எது புள்ளியாக இருக்க வேண்டுமோ அதைத் தேடி லூப் வையுங்கள். வட்டமாகப் பரந்திருந்தால் ஃபோகஸ் தவறு. சின்னக் கோடாகவோ காற்புள்ளி மாதிரியோ இழுபட்டிருந்தால் ஆட்டம். படத்தில் எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது கேமரா. ஒருவர் கை மட்டும் இழுபட்டுச் சுவர் தெளிவாக இருந்தால் ஆடியது அவர்.

புள்ளி எதுவும் இல்லாத படத்தில் கம்பிகளைப் பாருங்கள். செங்குத்துக் கம்பி தெளிவாகவும் கிடைக் கம்பி மங்கலாகவும் இருந்தால், ஷட்டர் பொத்தானை அழுத்தும்போது கேமராவையும் சேர்த்துக் கீழே அழுத்தியிருக்கிறீர்கள். ரொம்பப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு.

இதன் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். உங்கள் கை நொடிக்கு ஒரே ஒரு டிகிரி வேகத்தில் திரும்புகிறது என்று வையுங்கள். அதாவது கிட்டத்தட்ட அசையவே இல்லை என்று நீங்கள் நினைக்கும் அளவு. 50 மி.மீ. லென்ஸில் 1/60 நொடிக்குள் பிம்பம் ஃபிலிம் மேல் 0.0145 மி.மீ. நகர்ந்துவிடும். மில்லிமீட்டருக்கு 35 ஜோடிக்கு மேல் பிரித்துக் காட்ட இனி வழியில்லை. நூறு ஜோடி கொடுக்கக்கூடிய லென்ஸாக இருந்தாலும் கதை அதுதான். அதே கை, 1/250 நொடி என்றால் நகர்வு 0.0035 மி.மீ. மட்டும். 1/60-லிருந்து 1/250-க்குப் போனதில் கிடைத்த ஆதாயத்தை எந்த லென்ஸ் மாற்றமும் தராது.

"லென்ஸின் நீளம் எவ்வளவோ அதன் தலைகீழ்தான் குறைந்தபட்ச ஷட்டர்" என்ற பழைய விதி, அதாவது 50 மி.மீ.க்கு 1/60, சின்ன பிரிண்டுக்குப் போதும். ஸ்கேனை முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பது) தள்ளி, 1/250-ல் வைத்துக்கொள்வது நல்லது. இதிலிருந்து இன்னொரு முடிவும் வருகிறது, சிலருக்குப் பிடிக்காது: கையில் பிடித்து எடுக்கும் படங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமைவிட 400 ஃபிலிம்தான் பெரும்பாலும் ஷார்ப்பாக வரும். நுண்மையான கிரெய்னுக்காக 100 போட்டு, சாயங்காலம் 1/30-ல் எடுத்துக்கொண்டிருந்தால் கிரெய்ன் மட்டும் நுண்மையாக இருக்கும்.

பழைய மெக்கானிக்கல் கேமராவில் இன்னொரு சந்தேகமும் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டரின் எண்ணெய் காய்ந்து போனால் மெதுவான வேகங்கள் இன்னும் மெதுவாகும். டயலில் 1/60 இருக்கும், உள்ளே நடப்பது 1/30. நெகட்டிவ் எல்லாம் தேவைக்கு மேல் அடர்த்தியாகவும் ஆடியும் வந்தால் இதைச் சோதிக்கக் கொடுக்க வேண்டிய நேரம்.

டிரைபாடில் வைத்தும் ஆடியிருக்கிறதா? எஸ்.எல்.ஆர். (லென்ஸ் காட்டுவதையே உள் கண்ணாடி வழியாகப் பார்க்கும் கேமரா) என்றால் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பி மோதும் அதிர்ச்சியாக இருக்கலாம். 1/15, 1/8 வட்டாரத்தில்தான் அது அதிகம் தெரியும். ஒரு நொடி, இரண்டு நொடி என்று போனால் அதிர்வு அடங்கிய பிறகு கிடைக்கும் நேரமே அதிகம், அதனால் தெரியாது. சில கேமராக்களில் டைமரை வைத்தால் கண்ணாடி முதலிலேயே எழும்பி நிற்கும், அதைப் பயன்படுத்துங்கள். டிரைபாடின் நடுத் தண்டை முழுக்க உயர்த்தாதீர்கள்.

கையில் பிடிக்கும்போது விரல் நுனியால் குத்தாமல், விரலின் சதைப்பகுதியைப் பொத்தான் மேல் உருட்டுவது போல் அழுத்துங்கள். மூச்சை வெளியே விட்ட பிறகு அழுத்துங்கள். சுவர், தூண், கதவு நிலை எது கிடைத்தாலும் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கண் மங்கல், காது தெளிவு

படத்தில் எங்கோ ஓரிடம் கூர்மையாக இருக்கிறது, அது நீங்கள் நினைத்த இடமில்லை. இது ஃபோகஸ் விஷயம். இதில் நல்ல செய்தி என்னவென்றால், தெளிவாக விழுந்த அந்தக் காதே லென்ஸ் நல்ல லென்ஸ் என்பதற்கு அத்தாட்சி.

கணக்கைப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 2, ஆள் ஒரு மீட்டர் தூரத்தில். தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து 5 செ.மீ.க்குள்தான். கண்ணுக்கும் காதுக்கும் இடையே அதைவிட அதிக தூரம். ஃபோகஸ் பார்த்த பிறகு நீங்கள் லேசாக முன்னால் சாய்ந்தாலே போதும். எஃப் 8-க்கு வந்தால் ஆழம் சுமார் 18 செ.மீ. ஆகும், முகம் முழுக்க உள்ளே வந்துவிடும்.

நடுவில் ஃபோகஸ் பார்த்துவிட்டுக் கேமராவைத் திருப்பி ஃபிரேம் வைக்கும் பழக்கமும் இதில் மாட்டிவிடும். ஒரு மீட்டரில் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து, அந்தக் கண் ஃபிரேமின் ஓரத்துக்குப் போகும்படி 20 டிகிரி திருப்பினால், ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் சுமார் 6 செ.மீ. போய்விடும். எஃப் 8-ல் இது தெரியாது, எஃப் 2-ல் கண் போய்விடும். திருப்பிய பிறகு முகத்தை ஒட்டி வியூஃபைண்டர் திரையின் மேட் கண்ணாடிப் பகுதியில் மறுபடி ஒரு தடவை ஃபோகஸைத் தொட்டுப் பாருங்கள். அல்லது எஃப் 5.6-க்கு மூடுங்கள்.

கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு வியூஃபைண்டரில் பார்த்தால், மேட் பரப்பில் எது தெளிவு என்று கண் தவறாக முடிவு செய்யும். நடுவில் இருக்கும் பிளவுப் பிம்பம் (இரண்டு பாதியும் சேர்ந்தால் ஃபோகஸ் சரி) இதற்கு ஓரளவு தப்பிக்கும். அதற்குச் செங்குத்தான விளிம்பு தேவை. எதிரில் கிடைக் கோடுகள்தான் இருக்கின்றன என்றால் கேமராவைத் திருப்பிச் சேர்த்துப் பார்த்துவிட்டு நேராக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கம் தவறுகிறதா? எப்போதும் பின்னால், அல்லது எப்போதும் முன்னால்? அப்படியானால் கேமராவின் அளவு தப்பியிருக்கிறது. எனக்கு நடந்தது இதுதான். வியூஃபைண்டரில் ஒரு தூசி இருந்தது. அது படத்தில் விழாது என்று தெரிந்தும் பொறுக்காமல் ஃபோகஸ் திரையைக் கழற்றித் துடைத்தேன். திரைக்கு மேலே இருந்த மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று துணியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அது இருந்ததே எனக்குத் தெரியாது. பல நாள் கழித்து மேசை இடுக்கில் அகப்பட்டது, நகத்தில் எடுத்தால் வளைகிற அளவு. தடிமன் 0.1 மி.மீ. இருக்கும். திரை அந்த அளவுக்கு மேலே ஏறிவிட்டது. 50 மி.மீ. லென்ஸில் ஒரு மீட்டர் தூரத்துக்கு 0.1 மி.மீ. தவறு என்றால் வெளியே 3.6 செ.மீ. தவறு. நான் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் எல்லாம் பின்னால் தள்ளிக் காதோரம் போய் விழுந்துகொண்டிருந்தது. விற்ற லென்ஸின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதைச் சோதிப்பது இப்படி. அச்சிட்ட தாள் ஒன்றை 45 டிகிரி சாய்த்து வைத்து, நடு வரியில் ஒரு கோடு போட்டு, டிரைபாடில் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து, அந்தக் கோட்டுக்கு ஃபோகஸ் வைத்து எடுங்கள். இரண்டு மூன்று ஃபிரேம் போதும். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள், இல்லையென்றால் உங்கள் கைத்தவறையும் கேமரா தவறையும் பிரிக்க முடியாது. நெகட்டிவில் எந்த வரி கூர்மை என்று லூப்பில் பாருங்கள்.

ஃபிலிம் செலவழிக்க மனமில்லையென்றால் காலி கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் உள் தண்டவாளங்களின் மேல் மேட் டேப்பை இழுத்து ஒட்டுங்கள். ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் நிலை) வைத்து, கேபிள் ரிலீஸால் பூட்டி, டேப் மேல் விழும் பிம்பத்தை லூப்பால் பார்க்கலாம். வியூஃபைண்டரில் தெளிவாக இருந்தது இங்கேயும் தெளிவாக இருக்க வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டர் (இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் பார்க்கும் கேமரா) என்றால் லென்ஸை முடிவிலியில் வைத்து, தொலைவில் இருக்கும் கோபுரத்தையோ அலைபேசிக் கம்பத்தையோ பாருங்கள். இரண்டு பிம்பமும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். விலகியிருந்தால் சீர் செய்யக் கொடுங்கள்.

தூரத்தைக் குத்துமதிப்பாக வைத்து எடுக்கும் சின்ன கேமராக்காரர்களுக்கு ஒரே ஒரு எண்: 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, வளையம் 5 மீட்டரில். இரண்டரை மீட்டரிலிருந்து முடிவிலி வரை சாதாரண பிரிண்டுக்குத் தெளிவு. ஒரு மீட்டரில் நிற்கும் நண்பர் இதில் அடங்க மாட்டார்.

அறிகுறி: விவரம் இருக்கிறது, ஆனால் படம் சோகை பிடித்திருக்கிறது

லூப்பில் பார்த்தால் இமை முடி தனித்தனியாகத் தெரிகிறது. ஆனால் மொத்தப் படம் மங்கலாகத் தோன்றுகிறது. இது கான்ட்ராஸ்ட் குறைவு. சின்ன பிரிண்டில் நாம் "ஷார்ப்" என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். நுண்ணிய கோடுகளைப் பிரிக்கும் திறனைவிட, பெரிய விளிம்புகளில் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் விழுகிறதா என்பதைத்தான் கண் முதலில் பார்க்கிறது. ஸைஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் லென்ஸ் வரைபடங்களில் 10, 20, 40 ஜோடிகளுக்கான கான்ட்ராஸ்டைக் காட்டுவதும் இதனால்தான்.

முதல் சந்தேகம் ஒளி அளவு. நெகட்டிவ் வெளுத்து, நிழல் பகுதிகளில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் ஒளி போதவில்லை. ஸ்கேனர் அதை இழுத்து வெளிச்சமாக்கும்போது நிழல் சாம்பலாகிக் கிரெய்ன் பொங்கும். பழைய கேமராக்களில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காகச் செய்த மீட்டரில் இப்போது 1.5 வோல்ட் பேட்டரி போட்டால், பல மாடல்களில் மீட்டர் இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகச் சொல்லும். அதை நம்பி எடுத்தால் ஒளி குறையும். சில மாடல்களின் சுற்று மின்னழுத்தத்தைப் பொருட்படுத்தாது. ஆகவே உங்கள் கேமராவை இன்னொரு மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கலர் நெகட்டிவில் சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூடக் கொடுங்கள், தாங்கும்.

ஒளி சரியென்றால் லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை (லென்ஸின் துளையை) முழுக்கத் திறந்து, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். பனி படர்ந்தது போல் ஒரு மூட்டம் தெரிந்தால் அதுதான் காரணம், கண்டிப்பாகச் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு பூஞ்சை இழை, முன் கண்ணாடியில் மெல்லிய துடைத்த கீறல்கள், உள்ளே நாலு தூசி இதெல்லாம் பார்க்கப் பயமாக இருக்கும், படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் பூஞ்சை பரவக்கூடியது, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பின் கண்ணாடியில் இருக்கும் கீறலும் அழுக்கும் முன்னால் இருப்பதைவிட மோசம்.

மூட்டமும் இல்லை, ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படங்கள் மட்டும் சோகையா? ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் மறைப்பு) போடுங்கள், கைரேகை படிந்த ஃபில்டரைக் கழற்றுங்கள். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் விழும் ஒளியில் 4 முதல் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், அது உள்ளுக்குள்ளே அலைந்து நிழல்களை வெளுக்கும். ஸைஸின் பால் ருடால்ஃப் 1902-ல் கொண்டுவந்த நான்கு கண்ணாடி டெஸ்ஸார் லென்ஸ், அதற்கு ஆறு வருடம் முன்னதாக, 1896-ல், அவரே வடிவமைத்த ஆறு கண்ணாடி பிளானார் லென்ஸை நடைமுறையில் முந்திப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்: பரப்பு குறைவு, அலையும் ஒளி குறைவு. 1935-ல் ஸைஸில் ஸ்மக்குலா என்ற இயற்பியலாளர், ஒளி திரும்புவதைக் குறைக்கும் பூச்சு முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் கண்ணாடிகள் அதிகமுள்ள லென்ஸ்களுக்கு நல்ல காலம் பிறந்தது. போருக்கு முந்தைய லென்ஸ் ஒன்று உங்கள் கையில் இருந்தால், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

அறிகுறி: மூலைகள் மட்டும் கரைந்திருக்கின்றன

நாலு மூலையும் சமமாக மங்கல், அதுவும் முழுக்கத் திறந்து எடுத்த படத்தில் மட்டும் என்றால் அது நோயல்ல, அந்த லென்ஸின் சுபாவம். இரண்டு அல்லது மூன்று ஸ்டாப் மூடினால் பெரும்பாலும் சரியாகும். ஆளை நடுவில் வைத்து, மூலையில் இருட்டும் மரமும் இருக்கும் படத்துக்கு இதைப் பற்றிக் கவலைப்படுவதே வீண். கட்டடங்கள், அகல நிலக்காட்சி, சுவரோவியம் எடுப்பவர்கள் மட்டும் கவலைப்படலாம்.

ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால்தான் யோசிக்க வேண்டும். செங்கல் சுவர் ஒன்றுக்கு நேராக நின்று ஒரு ஃபிரேம். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே சுவரை இன்னொரு ஃபிரேம். சுவரின் அதே பக்கம் மங்கினால் நீங்கள் சுவருக்குக் கோணலாக நின்றிருக்கிறீர்கள். மங்கல் கேமராவோடு சேர்ந்து மறுபக்கம் போனால் லென்ஸோ பாடியோ கோணல். லென்ஸை மாற்றியும் அதே பக்கம் மங்கினால் பாடி. ஃபிலிமை அழுத்தும் தட்டின் ஸ்பிரிங் ஒரு பக்கம் தளர்ந்திருக்கலாம், அல்லது லென்ஸ் மாட்டும் வளையம் எங்கோ அடிபட்டிருக்கலாம். மாற்றியதும் சரியானால், வாழ்த்துகள், கடைசியில் உண்மையான லென்ஸ் குற்றவாளி ஒன்றைப் பிடித்துவிட்டீர்கள். கீழே விழுந்த லென்ஸ்களில் இது சகஜம்.

அறிகுறி: எஃப் 22-ல் எடுத்தும் எல்லாம் லேசாகப் பஞ்சு

எஃப் 22-ல் எடுத்ததால்தான். துளை சிறிதாகும்போது ஒளி அலை விலகிப் பரவும். ஒரு புள்ளி எஃப் 8-ல் சுமார் 0.011 மி.மீ. வட்டமாகவும், எஃப் 16-ல் 0.021 மி.மீ. ஆகவும், எஃப் 22-ல் 0.03 மி.மீ. ஆகவும் விழும். எவ்வளவு உயர்ந்த லென்ஸும் இதிலிருந்து தப்பாது. 35 மி.மீ. ஃபிலிமில் எஃப் 11-ஐத் தாண்டாமல் இருந்தாலே போதும்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் திருப்தி இல்லை

சரி, இப்போது லென்ஸுக்கு வருவோம். ஃபூஜி வெல்வியா 50 ஃபிலிமின் பிரிதிறனை அதன் தயாரிப்பாளர் இரண்டு எண்ணாகக் கொடுக்கிறார்: கான்ட்ராஸ்ட் மிக அதிகமான சோதனை அட்டைக்கு மில்லிமீட்டருக்கு 160 ஜோடி, கான்ட்ராஸ்ட் குறைந்த அட்டைக்கு 80. உலகத்தில் நாம் படம் எடுக்கும் தோல், துணி, இலை எல்லாம் இரண்டாவது எண்ணுக்கு அருகில்தான். ஃபிலிமும் லென்ஸும் சேரும்போது கிடைப்பதைத் தோராயமாகக் கணக்கிட இரண்டின் தலைகீழ்களையும் கூட்டி மறுபடி தலைகீழாக்கலாம். 80 ஃபிலிமோடு 60 லென்ஸ் சேர்ந்தால் 34 கிடைக்கும். 100 லென்ஸ் போட்டால் 44. லென்ஸ் மூன்றில் இரண்டு பங்கு மேம்பட்டும் கையில் வந்தது சுமார் 30 சதவீதம். அதுவும் டிரைபாட், சரியான ஃபோகஸ், நல்ல ஸ்கேன் எல்லாம் இருந்தால்.

இந்த 34-ம் 44-ம் எங்கே தெரியும்? 10 × 15 செ.மீ. பிரிண்ட் என்பது நெகட்டிவைப் போல நாலு மடங்கு. கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் நல்ல கண் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தாறு ஜோடியைப் பிரிக்கும். அப்படியென்றால் நெகட்டிவில் 25 ஜோடி இருந்தாலே பிரிண்ட் நிறைந்துவிட்டது. இரண்டு லென்ஸும் இங்கே ஒன்றுதான். 20 × 30 செ.மீ.க்குப் போனால் தேவை 40-ஐத் தாண்டும், வித்தியாசம் கண்ணுக்கு அகப்பட ஆரம்பிக்கும். அதற்கு மேல் போட்டு மூக்கு வைத்துப் பார்ப்பவர்களுக்கு லென்ஸ் முக்கியம், மெதுவான ஃபிலிம் முக்கியம், உண்மையில் பெரிய நெகட்டிவ் இன்னும் முக்கியம். ஒரு சாதாரண மீடியம் ஃபார்மட் (35 மி.மீ.யைவிடப் பெரிய ஃபிலிம்) கேமரா எந்த உயர்ந்த 35 மி.மீ. லென்ஸையும் அந்த அளவில் முந்திவிடும்.

முழுக்கத் திறந்து அடிக்கடி எடுப்பவர்களுக்கும் லென்ஸ் முக்கியம். எஃப் 8-ல் எல்லா லென்ஸும் சொந்தக்காரர்கள் மாதிரி ஒரே சாயலில் இருக்கும், எஃப் 1.8-ல்தான் யார் யார் என்று தெரியும். அங்கேயும் கூர்மை மட்டும் கணக்கில்லை. 1935-ல் லைட்ஸ் நிறுவனம் தம்பார் என்று ஒரு 90 மி.மீ. லென்ஸை வேண்டுமென்றே மென்மையாக வரையும்படி செய்து விற்றது. உருவப்படம் எடுப்பவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள்.

லென்ஸை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் அதற்கு முன் ஒரு ரோல் செலவழியுங்கள். இரவல் வாங்கியாவது இரண்டு லென்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைபாட், கேபிள் ரிலீஸ், வெயில், விவரம் நிறைந்த ஒரே காட்சி. ஒவ்வொரு லென்ஸிலும் முழுக்கத் திறந்து ஒன்று, எஃப் 4-ல் ஒன்று, எஃப் 8-ல் ஒன்று. அதே எஃப் 8-ல் டிரைபாடிலிருந்து எடுத்துக் கையில் பிடித்து 1/60-ல் ஒன்று. எந்த ஃபிரேம் எது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், கழுவி வரும்போது கண்டிப்பாக மறந்துபோகும். நெகட்டிவ் வந்ததும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு லூப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதிலிருந்து மோசமானது வரை வரிசைப்படுத்துங்கள். அப்புறம் சீட்டைத் திருப்புங்கள். கையில் பிடித்து எடுத்த இரண்டு ஃபிரேமும் வரிசையில் எங்கே விழுந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.